கோடு போட்டுக் கொடுத்தவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்த விளையாட்டு சுத்தமாகப் பிடிக்காது. முப்பத்திரண்டு வயதுக்காரி, ஒரு பிள்ளைக்குத் தாய், காலங்காத்தாலே கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து இல்லாத நாட்டுக்கெல்லாம் எல்லை போட்டுக்கொண்டிருந்தால் பக்கத்து சீட்டுக்காரிக்கு எப்படி இருக்கும்? அந்தப் பக்கத்து சீட்டுக்காரி நான், ஜெயப்பிரியா. எல்லை போட்டவள் சோபியா.

எங்கள் இருவருக்கும் சாலவாக்கம் பக்கத்தில் ஒரே ஊர். நான் ஊர்த்தெரு, அவள் காலனி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பள்ளிக்கூடம். இப்போது ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் ஒரே லைன். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். புருஷன், மாமியார், சூப்பர்வைசர் என்று திட்ட வேண்டியவர்களை எல்லாம் திட்டித் தீர்த்துவிட்டோம்.

லாக்டவுனில் கம்பெனி மூடிக்கிடந்தபோது அவள் இதில் போய் மாட்டினாள். 'புதுப்பூமி' என்று பெயர். நூறு பேருக்கு மேல் இன்டர்நெட்டில் கூடி ஆடுவது. சுடுவது, குதிப்பது எதுவும் கிடையாது, எல்லாம் எழுத்துதான். ஆளுக்கு ஒரு நாடு. ஒருவர் ராஜாவாக எழுதுவார், இன்னொருவர் பக்கத்து நாட்டுத் தூதராகப் பதில் எழுதுவார். கோயம்புத்தூர், துபாய், டொரண்டோ என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கற்பனை வரைபடம். அதில் யாருக்கு எந்த இடம் என்று தினமும் ரகளை. நேற்று ஒருவர் எடுத்த மலையை இன்றைக்கு இன்னொருவர் என்னுடையது என்பார்.

சோபியாதான் சட்டம் எழுதினாள். காலி இடத்தை மட்டும்தான் கேட்கலாம். கேட்கிறவர் அந்த நிலத்தில் யார் வாழ்கிறார்கள், என்ன விளைகிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மூன்று பக்கமாவது எழுத வேண்டும். அது ஏழு நாள் எல்லோர் பார்வைக்கும் இருக்கும், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம். எடுத்த நிலத்தைப் பற்றி முப்பது நாள் ஒரு வரிகூட எழுதாமல் இருந்தால் நிலம் மறுபடியும் காலி. வரைபடத்தை வைத்திருப்பவருக்கு நிலம் கிடையாது, அப்போதுதான் நியாயம் பேச முடியும் என்பதும் அவள் எழுதியதுதான். எழுதியவள் தலையிலேயே வரைபட வேலையையும் கட்டிவிட்டார்கள். ஐந்து வருஷம் அவளுக்கு நாடு இல்லை.

இன்னொரு சட்டத்தில் அவள் ரொம்பப் பிடிவாதமாக இருந்தாள். இடம் உனக்கு என்று சொன்ன அன்றைக்கே வரைபடத்தில் கோடு விழுந்துவிட வேண்டும். ஓவர்டைம் முடிந்து கண் சொருகினாலும் போனில் விரலை வைத்துக் கோடு போட்டுவிட்டுத்தான் சாய்வாள்.

"நாளைக்குப் போட்டா இன்னாடி? எடம் எங்க ஓடிடப் போவுது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒனக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியும். எங்களுக்கு எட்டு வயதில் காலனியில் நாற்பது குடும்பத்துக்கு மேடை போட்டு வீட்டுமனைப் பட்டா கொடுத்தார்கள். சோபியாவின் அப்பா அருள்தாஸ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போய் வாங்கிவந்தார். மனையை அளந்து கல் நடுகிற நாளில் ஊர்த்தெரு ஆட்கள் போய் மறித்தார்கள். அது எங்கள் மாடு மேய்கிற இடம் என்று மனு கொடுத்தார்கள். அந்த மனுவில் எங்கப்பா தாண்டவராயன் கையெழுத்தும் உண்டு. கல் இன்றுவரை நடவில்லை. பட்டா அவர்கள் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, மனை எங்கே என்று காட்டத்தான் ஆள் இல்லை. வெட்கக்கேடு. இதைப் பற்றி நாங்கள் உட்கார்ந்து பேசியதே கிடையாது.

புதுப்பூமியில் கலைச்செல்வன் என்று ஒருவர். பெரிய நாட்டுக்காரர், பெங்களூரில் வேலை. அவருடைய அப்பா இறந்துபோய் அவர் முப்பது நாளுக்கு மேல் எழுதவில்லை. சட்டப்படி நாடு காலி. அதைப் பிய்த்துக்கொள்ள ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

"அப்பன பறிகுடுத்துட்டு நிக்கறவராண்ட போயி நெலத்த புடுங்கச் சொல்றியா? என்னால முடியாது" என்று சோபியா இன்னும் முப்பது நாள் விட்டுக்கொடுத்தாள். அத்தனை வருஷத்தில் அவள் சட்டத்தை வளைத்தது அந்த ஒரே தடவைதான்.

போன ஆடி மாதம் ஒருநாள் பஸ்ஸில் ஏறியதும் வரைபடத்தைக் காட்டினாள். மூன்று ஆறு கூடுகிற இடத்தில் ஒரு சதுப்பு நிலம், நிறமே இல்லாமல் இருந்தது.

"அஞ்சு வருசமா காலியா கீது, ஜெயா. கோரையும் கொக்கும்தான். எவனும் கேக்கல. நான் கேக்கலாம்னு கீறேன்."

வரைபட வேலையை துபாய்க்காரர் பாண்டுரங்கனிடம் கொடுத்துவிட்டு, சாதாரண ஆளாக நின்று மனு போட்டாள். மூன்று பக்கம் போதும், இவள் பதினொரு பக்கம் எழுதினாள். எனக்குப் படித்தும் காட்டினாள். சதுப்பில் மண்ணைக் கொட்டி மேடாக்கி வீடு கட்டுகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நாலு மூலையிலும் கல். கல் நடுகிற அன்றைக்கு ஊரே சேர்ந்து கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறது. விளையாட்டு பிடிக்காத நானே இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

ஆறாம் நாள் ஆட்சேபணை வந்தது. எழுதியது கலைச்செல்வன்.

'எங்கள் நாட்டு மாடுகள் காலங்காலமாக அங்கேதான் மேய்கின்றன. மூன்று வருஷத்துக்கு முன்பே என் கதையில் அதை எழுதியிருக்கிறேன்.'

கதையில் ஒரு வரி வந்தால் உரிமை ஆகாது, முறைப்படி கேட்டிருக்க வேண்டும் என்று சோபியா சட்டத்தை எடுத்துப் போட்டாள். அதற்கு அவர் எழுதினார்: 'சட்டத்தை எழுதியவரும் அவர்தான், வளைத்தவரும் அவர்தான். எனக்கே முப்பது நாள் கூடுதலாகக் கொடுத்தார். அப்படிப்பட்டவர் இந்த இடத்தைத் தனக்காகவே காலியாக வைத்திருக்கவில்லை என்பதற்கு என்ன நிச்சயம்?'

எனக்கு ரத்தம் கொதித்தது. சோற்றில் உப்பு போட்டுத்தான் தின்கிறானா அந்த ஆள்? யாருக்காக இவள் சட்டத்தை வளைத்தாளோ, அந்த ஆளே அதை எடுத்து இவள் மேல் வீசுகிறான். பாண்டுரங்கன் யாரையும் பகைத்துக்கொள்ளாத ரகம். 'சண்டை எதற்கு? பொது இடமாகவே இருக்கட்டும், மாடு மேயட்டும். ஓட்டுக்கு விடுவோம்' என்றார். சோபியாவுக்கு விழுந்தது ஐந்து ஓட்டு. மற்றவர்கள் எல்லோரும் மாட்டின் பக்கம். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் இவள் கையால் கோடு போட்டு நாடு வாங்கியவர்கள்.

மறுநாள் சாயங்காலம் பஸ் ஒரகடத்தைத் தாண்டியதும் சோபியா போனை என்னிடம் நீட்டினாள். கலைச்செல்வன் எல்லோரும் பார்க்க எழுதியிருந்தார்.

'சோபியா வருத்தப்பட வேண்டாம். என் நாட்டின் தெற்கு ஓரத்தில் கொஞ்சம் இடம் ஒதுக்குகிறேன். அவருடைய ஜனங்கள் அங்கே தாராளமாக இருந்துகொள்ளலாம்.'

அதற்குக் கீழே வரிசையாகச் சிவப்பு இதயம். என்ன பெருந்தன்மை என்று நாலைந்து பேர் பாராட்டியும் இருந்தார்கள்.

"இன்னா எழுதட்டும்?" என்று கேட்டாள்.

"வாங்கிக்கயேன்டி. சும்மாதானே குடுக்கறாரு? ஒண்ணும் இல்லாததுக்கு இது தேவலாம். ஆளு கொஞ்சம் நல்ல மனுசன்தான் போல கீது" என்றேன்.

சோபியா போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்கப்பாவும் இதத்தான் சொன்னாரு."

"எப்போடி?"

"கல்லு நட உடாம நிறுத்துனாங்களே, அதுக்கு மறுநா. வூட்டாண்ட வந்து எங்க நைனாவ கூப்ட்டு, 'எங்க களத்து ஓரமா ஒரு குடிசை போட்டுக்கோ அருளு, யாரு கேக்கப் போறா'ன்னாரு. காலனில பாட்டன் வூடு இடிஞ்சி கெடந்திச்சி, நைனாவும் சரின்னுட்டாரு. ஏழு வருசம் இருந்தோம். ஏழு வருசமும் எங்கம்மா உங்க மாட்டுக் கொட்டாய கூட்டி சாணி அள்ளுனாங்க. கூலின்னு ஒரு நாளு கேட்டதில்ல. கேட்டா எடத்த காலி பண்ணணுமே."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். பிறகு போனை எடுத்து 'வேண்டாம்' என்று ஒரே சொல் எழுதினாள். அந்த ஆப்பையும் போனிலிருந்து எடுத்துவிட்டு, கண்ணை மூடி ஜன்னல் பக்கம் சாய்ந்துகொண்டாள்.

அந்தக் குடிசை எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அதன் வாசலில்தான் இருவரும் பாண்டி ஆடுவோம். அவளுடைய அம்மா எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டாயில் நிற்பதையும் தினமும் பார்த்தவள்தான் நான். இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்க எனக்கு இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தோன்றவில்லை. இடமில்லாதவர்களுக்கு இடம் கொடுத்தவர் எங்கப்பா என்று கம்பெனி கேன்டீனில் எத்தனையோ பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். சோபியாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.