இரண்டும் ஆறும் இடம் மாறிய எண்

வீரணனின் வலது கையைப் பட்டறை மேசையில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சுத்தியலால் அடித்தார்கள். அடித்தது அருள்பாண்டி, கப்பலூரில் ஒரு போல்ட் கம்பெனியின் சூப்பர்வைசர். அந்த அடி விழக் காரணமான சொல் என் பேத்தி முனீஸ்வரியுடையது. பேத்தி என்பதற்காக நான் இதை மறைக்கப்போவதில்லை.

கீழக்குயில்குடியிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய், பெட்டிக்குள் போகிற போல்ட்டுகளுக்கு அவள்தான் கணக்கு எழுதினாள். ஒரு பெட்டிக்கு நூற்று நாற்பத்து நான்கு. எத்தனை பெட்டி நிரப்பினாலும் மொத்தம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். வகுக்கக்கூட வேண்டாம், இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் ஒன்பதில் வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் கற்ற அதை அவள் சாமி வாக்குப்போல நம்பினாள்.

அந்த மாத மொத்தம் நோட்டில் 4,76,208. குடோனில் எண்ணினால் 4,72,608. குறைவது சரியாக இருபத்தைந்து பெட்டி, ஒரு போல்ட் முன்னே பின்னே இல்லை. திருட்டு என்றுதான் யாருக்கும் தோன்றும். பெட்டிகளை ஏற்றி இறக்குகிறவன் வீரணன்.

"ஏத்தா, ஒன் கணக்குல எங்கயாச்சும் தப்பு இருக்கா?" என்று அருள்பாண்டி கேட்டான்.

அவள் நோட்டில் இருந்ததை அங்கேயே கூட்டினாள். இருபத்தேழு வந்தது. இரண்டும் ஏழும் ஒன்பது.

"அதெல்லாம் பெசகாதுண்ணே. வேற எடத்துல தேடுங்க."

"தங்கச்சி, எனக்குப் பிள்ளைக இருக்கு. இன்னொருக்கா பாரு," என்றான் வீரணன்.

"பாத்துட்டேன்."

அவனைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். முதலில் பெல்ட், பிறகு இரும்புக் கம்பி. பல் இரண்டு தெறித்து விழுந்தது.

அலறல் கேட்டபின்தான் அவள் இரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். மேலே இருந்த இலக்கங்களேதான் கீழேயும் இருந்தன. இரண்டும் ஆறும் மட்டும் இடம் மாறி நின்றன. இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறுமா? ஒன்பதுக்கு அது தெரியவே தெரியாது. தினச் சீட்டுகளை முதலிலிருந்து கூட்டினாள். 4,72,608. எதுவும் திருடுபோகவில்லை.

ஓடினாள். "விடுங்கண்ணே, நான்தேன் மாத்தி எழுதிட்டேன்," என்று சுத்தியலைப் பிடித்தவளை அருள்பாண்டி உதறினான். மெஷின் விளிம்பில் மோதி நெற்றி பிளந்தது. அதற்குள் வீரணனின் மூன்று விரல்கள் கூழாகியிருந்தன.

"மெஷின்ல கை மாட்டிக்கிருச்சுன்னு எழுதிக்கிருவோம். நீயும் வேலையில இரு. அம்புட்டுத்தேன்," என்றான் அருள்பாண்டி.

அவள் தலைக்கட்டோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். நோட்டையும் சீட்டுகளையும் மேசையில் வைத்துத் தன் தப்பை முதலில் சொன்னாள், அருள்பாண்டியின் பெயரை அடுத்துச் சொன்னாள்.

அங்கிருந்து வீரணன் வீட்டுக்குப் போய்த் தன் தப்பைச் சொன்னாள். அவன் பெண்டாட்டி செல்லத்தாய் விறகுக் கட்டையால் தோளில் ஒரு போடு போட்டாள். இவள் கையை உயர்த்தித் தடுக்கவில்லை.

"எங்கிட்ட என்னத்துக்குச் சொல்ற? என் புருசன் களவாணி இல்லேன்னு தெருவுக்குச் சொல்லு."

முனீஸ்வரி வீடு வீடாக நின்று சொன்னாள். கட்டு நனைந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. கடைசி வீடு வரைக்கும் செல்லத்தாய் பின்னாலேயே வந்தாள். கட்டையைக் கீழே போடவில்லை.