கமலம்மாள் கச்சேரியில் நான் தாளம் விட்ட நாள்

செய்தியைக் கொண்டுவந்தவன் ஜட்கா நஞ்சப்பா. காலை ஏழு மணிக்கு என் வாசலில் வண்டியை நிறுத்தினான். நான் எங்கும் போவதாக இல்லை. வண்டிக்குச் சொல்லவும் இல்லை. “யாரு உன்ன வரச்சொன்னா?” என்று எரிந்து விழுந்தேன். அவன் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “அம்மா ஹோகிபிட்ரு, ஸ்வாமி,” என்றான் கன்னடத்தில். அம்மா போய்விட்டாராம். எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது கமலம்மாள் ஒருவர்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினேன். மண்டி மொஹல்லாவில் அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கினான்.

கமலம்மாள் கொள்ளேகால் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து ஊர் ஊராகப் பாடியவர். கம்பெனி கலைந்தபின் மைசூருக்கு வந்து, பத்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கீர்த்தனைகளைப் பாடம் செய்தார். இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு வித்வான் மேல்தான் விழ வேண்டும். அந்த வித்வான்களுக்கெல்லாம் அவர் கடைசிவரை ‘கம்பெனி கமலம்’தான். பிடில் வாசிக்கிற நானும் அப்படித்தான் சொன்னேன். என் வாய் எப்படிப்பட்டது என்று இதைக் கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும்.

அவர் பாடும் முறை அலாதி. தெருவில் பையன்கள் சீட்டியடிக்கிற ஒரு கம்பெனிப் பாட்டைக் காபி ராகத்தில் எடுப்பார். கூட்டம் தலையாட்ட ஆரம்பித்ததும், மூச்சு விடுகிற இடைவெளிகூடக் கொடுக்காமல், அதே காபியில் ஒரு பெரிய கீர்த்தனைக்குள் நுழைந்துவிடுவார். எங்கே வாசல் தாண்டினோம் என்று கேட்பவர்களுக்கே தெரியாது. கீர்த்தனை என்றால் எழுந்துபோகிற காலேஜ் பிள்ளைகள் உட்கார்ந்தபடியே இருப்பார்கள்.

“பாயசத்துல மொளகாப் பொடியக் கலக்காதே, கமலம்,” என்று ஒருநாள் சொன்னேன்.

“நீங்க குடிச்சே பாக்கலீங்களே, பிடிலண்ணா,” என்று சிரித்தார். பிறகு சற்று யோசித்துச் சொன்னார்: “தெரிஞ்ச பாட்டு கையப் புடிச்சுக் கூட்டியாந்தாத்தானுங்க, தெரியாத பாட்டுகிட்ட கொஞ்ச நேரம் நிப்பாங்க. எங்கப்பன் சந்தைக்குப் போனாலும் தெரிஞ்ச மொகத்தப் பாத்துத்தான் மொதல்ல நிப்பாருங்க.”

ராமநவமிப் பந்தலில் அவருக்கு ஒரு கச்சேரி கிடைத்தது. ஆண்டவன் புண்ணியத்தில் கிடைத்தது என்றே சொல்ல வேண்டும். கமிட்டியில் பாதிப் பேருக்கு மனமில்லை. பக்கவாத்தியத்துக்கு மற்றவர்கள் நழுவியதால் என்னிடம் வந்தார். நான் ஒரு நிபந்தனை போட்டேன்: கம்பெனிப் பாட்டு பாடும்போது வில்லைத் தொடமாட்டேன், மடியில் வைத்துக்கொள்வேன். ஊரறிய என் எதிர்ப்பைக் காட்ட வேண்டுமே. “சரிங்க, அது முடிஞ்சதும் எடுத்துக்குங்க,” என்றார். அவ்வளவுதான். எனக்குத்தான் ஏதோ வென்றுவிட்ட நினைப்பு.

அன்று பந்தல் நிரம்பி, வெளியே தெருவரை கூட்டம். கம்பெனிப் பாட்டை எடுத்தார். நான் வில்லை மடியில் வைத்துக்கொண்டு, கூட்டத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முறைப்பதிலேயே புத்தி போயிற்று. அவர் வழக்கம்போல இடைவெளி இல்லாமல் கீர்த்தனைக்குள் போனார். கீர்த்தனை மிஸ்ரசாபு தாளம். மூன்றும் நான்குமாக ஏழு எண்ணிக்கை. நான் அவசரமாக வில்லைத் தூக்கி ஓர் எண்ணிக்கை தள்ளி விழுந்தேன். நாற்பது வருஷம் வாசித்தவன், பாலபாடப் பிள்ளைபோலத் தாளம் விட்டேன்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேட்க வேண்டும். பிடில் ஓரிடத்திலும் குரல் இன்னோரிடத்திலுமாகப் போயிருந்தால், தவறியவன் யார் என்று பந்தலுக்கே தெரிந்திருக்கும். கமலம்மாள் அப்படி விடவில்லை. என்னைக் காப்பாற்ற, தான் இருந்த சரியான இடத்தை விட்டு நான் இருந்த தப்பான இடத்துக்கு வந்து சேர்ந்துகொண்டார். மிருதங்கக்காரர் முகத்தைச் சுளித்து அவரைத்தான் பார்த்தார். எனக்கோ எது சரியான இடம் என்றே புரியவில்லை. அப்போது முன்வரிசையில் ஒரு கை தெரிந்தது. ஜட்கா நஞ்சப்பா. கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் மூன்றும் நான்குமாக, ஒரு மயிரிழை பிசகாமல் தட்டிக்கொண்டிருந்தான். கம்பெனிப் பாட்டுக்காக வந்து, அம்மாள் பின்னாலேயே கீர்த்தனைக்குள் நுழைந்து, அங்கேயே தங்கிவிட்டவன் அவன். அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் தாளத்தைப் பிடித்தேன். அம்மாளும் என்னோடு திரும்பினார்.

மறுநாள் கமிட்டியார் கூடிப் பேசினார்கள். “நாடகக்காரிக்குத் தாளம் நிக்குமா? மானம் போச்சு,” என்றார் ஒருவர். “என்ன வித்வானே, நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க,” என்று என்னைக் கேட்டார்கள். நான் மூக்குப்பொடி டப்பியைத் திறந்தேன், மூடினேன். வாயைத் திறக்கவில்லை. அதற்குப்பின் அந்தப் பந்தலில் அவருக்கு இடம் கொடுக்கவே இல்லை. பாழாய்ப்போன என் கௌரவம் அவர் மேடையைத் தின்றது.

அவர் அழுததாகவோ யாரிடமும் குறைசொன்னதாகவோ நான் கேட்டதில்லை. சனிக்கிழமை சாயங்காலங்களில் தம் வீட்டு முற்றத்தில் பாட ஆரம்பித்தார். காலேஜ் பிள்ளைகள், ஆஸ்பத்திரி நர்சுகள், ஜட்காக்காரர்கள் என்று முற்றம் போதாமல் சந்தில் நின்று கேட்டார்கள். மூன்றாவது வாரம் நானும் பிடிலோடு போனேன். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று கேட்கவில்லை, பாயை விரித்தார். அங்கேயும் கம்பெனிப் பாட்டு வந்தால் வில்லை மடியில் வைத்துவிடுவேன். பிடித்த பிடியை விட்டால் அன்று செய்தது தப்பு என்று ஆகிவிடுமே. “அண்ணனுக்கு இளைப்பாற நேரமுங்க,” என்று பிள்ளைகளிடம் கேலி செய்வார்.

அங்கே பாடப் பழகிய பெண் ஒருத்தி ஒருநாள் நடுவில் தவறிவிட்டு, அழுகையோடு முதலிலிருந்து ஆரம்பித்தாள். அம்மாள் தடுத்தார். “மொதல்ல இருந்து வேண்டாங் கண்ணு. உட்ட எடத்துலயே எடு. மொதல்ல இருந்து எடுத்தா, உட்ட எடம் அப்படியே கெடக்கும்.” அவளுக்குச் சொன்னதுதான். எனக்குச் சுருக்கென்றது.

அன்று எல்லோரும் போனபின், “கமலம், அந்தப் பந்தல்ல...” என்று ஆரம்பித்தேன். “சுருதி எறங்கிருக்குது பாருங்க, பிடிலண்ணா,” என்று பேச்சை மாற்றிவிட்டார். அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். மன்னிப்பாகவும் இருக்கலாம். ஆனால் கமிட்டியிடம் போய் உண்மையைச் சொல்லாதே என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. அந்தக் கோழைத்தனம் என்னுடையது.

இப்போது அதே பந்தலில் அவருக்கு அனுதாபக் கூட்டம் நடத்துகிறார்கள். அம்மாள் வீட்டு முற்றத்தில் பழகிய பிள்ளைகளில் இருவர் இன்று அந்த மேடையில் பாடுகிறவர்கள். அவர்கள் பிடிவாதம் பிடித்து ஏற்பாடு செய்தார்கள். அங்கே வாசிக்கத்தான் இதை எழுதினேன். முன்கூட்டியே பார்த்த கமிட்டிக் காரியதரிசி, “நீங்க தாளம் விட்ட அந்த ஒரு பத்திய மட்டும் எடுத்துடலாமே, உங்களுக்கு எதுக்கு இந்த வயசுல?” என்றார். எடுத்தால் முழுவதையும் எடுத்துவிடுங்கள் என்றேன்.

ஆகவே, அவரை அறிந்தவர்களே, அன்று அம்மாள் தாளம் விடவில்லை. விட்டவன் நான். முன்வரிசையில் இருந்த நஞ்சப்பாவுக்கு இது அன்றே தெரியும். வண்டியில் ஏறும்போதெல்லாம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் பட்ட அவஸ்தை எனக்குத்தான் தெரியும்.

அம்மாளிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது, ‘உட்ட எடத்துலயே எடு’ என்று அவர் அந்தப் பெண்ணிடம் சொன்ன ஒரு வாக்கியம். கூட்டத்தில் பிள்ளைகள் அவருடைய காபிக் கீர்த்தனையைப் பாடுகிறார்கள். அதற்குமுன் கம்பெனிப் பாட்டையும் பாடச் சொல்லியிருக்கிறேன். நஞ்சப்பாவுக்கு முன்வரிசையில் இடம் வைத்திருக்கிறது. கம்பெனிப் பாட்டின் முதல் வரியிலேயே நான் வில்லை எடுப்பேன். விட்ட இடம் அதுதான்.