காக்காப்பொன் குழி

ஓசூரில் வாத்தியாராக இருந்த ஐம்பதுகளில், காக்காப்பொன் என்று சொல்லும் அபிரகத்தை வெட்டியெடுக்கும் கம்பெனி ஒன்றில் பங்கு வாங்கினேன். மூன்று வருடமாக ஒரு கடிதம்கூட வரவில்லை. ஆத்திரத்தோடு பஸ் ஏறி, சூளகிரிக்கு அப்பால் இருந்த அவர்களுடைய சுரங்கத்தைத் தேடிப் போனேன்.

சுரங்கம் என்று அங்கே எதுவும் இல்லை. ராகிக் கொல்லையின் நடுவில் பெரிய குழி ஒன்று கிடந்தது. வற்றிய உடம்பும் நரைத்த தலையுமாக ஒரு அம்மாள், கொல்லையில் பொறுக்கிய கற்களை அதற்குள் எறிந்துகொண்டிருந்தார். தினமும் அப்படி எறிவதாகப் பிறகு சொன்னார்.

"கம்பெனிக்காரங்க எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"அவங்க ஓடி ரெண்டு வருசமாச்சு. நீங்க யாரு?"

"நானும் ஏமாந்தவன்தான். இதுல பங்கு வாங்கியிருக்கேன்."

அவர் கை நின்றது. "அப்போ நீங்களும் மொதலாளிதானே? என் கொல்லையத் தோண்டி முடிச்சதும் மூடித் தரோம்னு சொன்னாங்க. என் உழவு மாடு இதுல உழுந்து செத்துச்சு. உங்க காசுலதானே தோண்டுனாங்க?"

எனக்குக் கோபம் பொங்கியது. "நானா தோண்டச் சொன்னேன்?" என்று கத்தினேன்.

"காக்காப்பொன்னு கெடைச்சிருந்தா உங்க பங்கை வேணாம்னு சொல்லியிருப்பீங்களா?" என்று என்னைவிடப் பெரிதாகக் கத்தி, குழியோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்து என் காலடியில் போட்டார்.

ஏன் அதை எடுத்தேன் என்று இன்றும் தெரியவில்லை. கை கொப்பளிக்கும்வரை மண்ணைத் தள்ளினேன். குழி கொஞ்சமும் குறைந்ததாகத் தெரியவில்லை. கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பியபோது குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். முகம் மட்டும் இளகவில்லை.

"நாளைக்கும் வாங்க" என்றார்.

நான் போகவில்லை.