அறுபதுக்குள் ஒரு கதை

நாற்பது வயது நிறைந்த அன்று மனைவியிடம் ஒரு சபதம் செய்தேன். அறுபது நிறைவதற்குள் என் கதை ஒன்று அச்சில் வந்துவிடும். வராவிட்டால் எழுதுவதையே விட்டுவிடுவேன். அவள் மாவாட்டிக்கொண்டிருந்தாள். "இன்னும் இருபது வருஷம் கெடக்குல்ல, மெதுவா எழுதுங்க" என்றாள். அறுபது என்பது வேறு யாருக்கோ வரப்போகிற வயது என்றுதான் எனக்கும் அப்போது தோன்றியது.

அதற்கு முன்பு முப்பதுக்குள் என்று ஒரு கெடு வைத்திருந்தேன், பிறகு நாற்பதுக்குள் என்று ஒன்று. எங்கள் பக்கத்து நிலத்தகராறு வழக்குகளைப் போல வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக வாங்கிக்கொண்டே வந்தேன். அறுபதுக்கு மட்டும் அந்த வசதி கிடையாது. எங்கள் ஊரில் அறுபது சத்தமில்லாமல் வந்து போகாது. அழைப்பிதழ் அடித்து, வேன் பிடித்து, திருக்கடையூர்க் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், சொந்தபந்தம் பார்க்கக் குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றி, சொந்தப் பெண்டாட்டிக்கே இன்னொரு தடவை தாலி கட்டவைத்து, இந்த ஆளுக்கு வயதாகிவிட்டது என்பதை நாலு பேர் அறியச் சொல்லிவிட்டுத்தான் விடும்.

நான் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். திருவாரூருக்கும் மாயவரத்துக்கும் நடுவே ஒரு கிராமம். பகலெல்லாம் யூரியா மூட்டை, சாயங்காலம் கதை. மேடைப் பேச்சுக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். எதையும் நேராகச் சொன்னால் மரியாதைக் குறைவு என்று நினைப்போம். என் கதையில் தண்ணீர் கேட்கிறவன்கூட "தாகம் தணிக்கத் தண்ணீர் தாராயோ, தாமரை முகத்துத் தையலே" என்றுதான் கேட்பான். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குத் தாகமே போயிருக்கும். பத்திரிகைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. போன கதை போன வேகத்தில் திரும்பி வந்தது.

எனக்குப் பணம் வேண்டாம், மாலை வேண்டாம். என்னை யாரென்றே தெரியாத ஒரு ஆள் நான் எழுதினதைப் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அத்தனை தபால்தலையும்.

ஒரே ஒரு முறை ஒரு பத்திரிகையிலிருந்து கார்டு வந்தது. "தம்பி, முயற்சியைக் கைவிட வேண்டாம். உங்களுக்கு வயதிருக்கிறது" என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று. மேல்வாயில் இரண்டு பல் போயிருந்தது. ஆனாலும் அந்தத் தம்பி என்ற சொல் ஒரு வாரத்துக்குத் தாங்கியது. சைக்கிளில் கை விட்டுவிட்டு ஓட்டிப் பார்த்தேன். வாய்க்காலில் விழுந்தேன்.

தஞ்சாவூரில் புதிய எழுத்தாளர்களுக்கென்று ஒரு கூட்டம் நடந்தபோது லீவு போட்டுவிட்டுப் போனேன். வாசலில் நின்ற பையன் என் நரைத்த தலையைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப் போனான். தலைமை தாங்குகிறவர் வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டார்கள். துண்டு போர்த்தி, சோடா உடைத்துக் கொடுத்து, "உங்க காலத்துல எழுத்து எப்படிங்கய்யா இருந்துச்சு?" என்று கேட்டார்கள். என் காலம் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, உண்மையான தலைவர் வருவதற்குள் சோடாவைக் குடித்துவிட்டு இறங்கிவிட்டேன். துண்டைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஆனால் என் எழுத்து அச்சே ஏறவில்லை என்றும் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் வாழ்த்து மடல் படிப்பார்கள். ரோஸ் காகிதத்தில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் ஒருவர் உரக்கப் படித்து மாப்பிள்ளை கையில் கொடுப்பார். சுற்று வட்டாரத்துக்கெல்லாம் எழுதிக் கொடுத்தது நான்தான். கீழே "இங்ஙனம், நண்பர்கள்" என்றிருக்கும். அந்த நண்பர்களில் என் பெயர் இருந்ததில்லை.

எங்கள் மிராசுதாரரின் மகன் கல்யாணத்துக்கும் நானே எழுதினேன். "ஐம்பது வேலி ஆண்ட குலத்தின் ஆணிமுத்தே" என்று ஆரம்பம். ஒரு வேலி என்றால் கிட்டத்தட்ட ஏழு ஏக்கர். அச்சாகி வந்த மடலைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நில உச்சவரம்புச் சட்டம் வந்து, அவர் பாதி நிலத்தைச் சித்தப்பா, மச்சான், சமையல்காரர் பெயருக்கெல்லாம் மாற்றியிருந்த நேரம். "ஐம்பது வேலின்னா எழுதினீங்க? முன் வரிசையில தாசில்தார் உக்காந்திருக்காருய்யா" என்றார். அந்த ஐம்பதின் மேல் அவசரமாக ஒரு ஸ்வஸ்திக் படம் ஒட்டினோம்.

விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் ஊர்வலக் கோஷம் எழுதிக் கொடுத்தேன். நான் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. இரண்டு தரப்பாருமே என் அடுக்குமொழியைச் சகித்துக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் அறுபது வந்தது. கதை வரவில்லை. மனைவி திருக்கடையூர்ப் பேச்சை எடுத்தாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்களுடையது சீர்திருத்தக் கல்யாணம். ஐயர் இல்லை, மேளம் இல்லை, தாலியும் இல்லை. தலைமை தாங்க வந்தவர் பெண்ணடிமை ஒழிப்பைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினார். அவ்வளவு நேரமும் பெண் பசியோடு நின்றுகொண்டிருந்தாள். எங்கள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற காலத்தில்தான் எங்கள் கட்சி ஆட்சிக்கு வந்து, அந்த மாதிரிக் கல்யாணங்களெல்லாம் செல்லும் என்று சட்டம் போட்டது. அன்றைக்கு அவள் பாயசம் வைத்தாள். "இன்னையிலேருந்து நான் உங்க பொண்டாட்டி" என்று டம்ளரை நீட்டினாள்.

"ஒரு தாலி, ஒரு கெட்டிமேளம். இதுக்கு மேல ஒண்ணும் கேக்கல" என்றாள் இப்போது.

"கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"கொள்கைன்னு சொல்லாதீங்க. வயசு வெளிய தெரிஞ்சுடும்னு பயம்."

"கதை ஒண்ணு வரட்டும். அப்புறம் செஞ்சுக்கலாம்."

"கதை வரப்ப வரட்டும். எனக்கும்தானே வயசாவுது" என்றாள். இத்தனை வருடத்தில் அவளுக்கும் வயதாகிக்கொண்டிருந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு மனது கனத்துப் போனது. எழுத்தாளனாகாமலே கிழவனாகப் போகிறேன் என்ற துக்கம் சாப்பாட்டைக்கூட இறங்கவிடவில்லை.

அது தை மாதம். கதிர் முற்றி நின்றது. அறுப்புக் கூலியை அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டுத் தொழிலாளர்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். பாலத்தடியில் போலீஸ் வண்டி நின்றது. மிராசுதாரரும் தொழிலாளர் சங்கத் தலைவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் என் அறுபதாம் கல்யாணம்தான். இருவருமே வாழ்த்து மடல் வாசிக்க ஆசைப்பட்டார்கள். இருவருமே அதை என்னையே எழுதச் சொன்னார்கள்.

மிராசுதாரர் ஆளனுப்பிச் சொல்லிவிட்டார். சங்கத் தலைவர் நேரிலேயே வந்தார்.

"எனக்கு நானேவா?" என்று கேட்டேன்.

"வேற யாருண்ணே இருக்கா இந்த ஊர்ல எழுதறதுக்கு?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. அடுக்குமொழி மட்டும் வேணாம். போன ஊர்வலத்துல உங்க கோஷத்தைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள தாலுகா ஆபீசையே தாண்டிட்டோம். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கற ஆளு. நான் பேசுறாப்பல இருந்தாத்தான் வாயில நுழையும். அண்ணியைப் பத்தியும் நாலு வார்த்தை எழுதுங்க. எங்க பொம்பளைங்க அதைத்தான் கேப்பாங்க."

மிராசுதாரர் மடலை அரை மணியில் முடித்துவிட்டேன். "செந்தமிழ்ச் செல்வரே, செஞ்சொல் சிற்பியே" என்று என்னை நானே கூசாமல் புகழ்ந்துகொண்டேன். சங்கத்து மடல்தான் படுத்தி எடுத்தது. அடுக்கு இல்லாமல் எழுத உட்கார்ந்தால் சட்டை போடாமல் கடைத்தெருவுக்குப் போகிற மாதிரி இருந்தது. மனைவியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று யோசித்தேன். என் கதைகளில் அவள் ஒரு ஓரத்தில்கூட வந்ததில்லை. கடைசியில் வீட்டில் நடக்கிறதை நடக்கிறபடியே கிறுக்கி, இரண்டாம் தடவை படித்துப் பார்க்க வெட்கப்பட்டு, அப்படியே அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

திருக்கடையூரில் அன்றைக்கு எங்களைப் போலவே நிறைய ஜோடிகள். எங்கே திரும்பினாலும் ஹோமப் புகையும் நனைந்த கிழவர்களும்தான். எங்களுக்கும் தண்ணீர் ஊற்றி முடித்தார்கள். துடைத்துப் புதுத்துணி உடுத்தி மணையில் உட்கார்ந்தோம். பார்த்தால் குருக்களைக் காணோம். பக்கத்து ஜோடிக்கு மந்திரம் சொல்லிவிட்டு வருவதாகப் போயிருந்தார். சும்மா இருக்கும் நேரத்தில் வாழ்த்து மடலைப் படித்துவிடலாம் என்றார் மருமகன்.

மிராசுதாரரின் கணக்குப்பிள்ளை எழுந்து நல்ல கணீர்க் குரலில் வாசித்தார். நான் அதுவரை வாழ்த்து மடலை மேடையிலிருந்து கேட்டதில்லை. எப்போதும் கூட்டத்தின் பின்னால் நின்று, எல்லோருடைய முதுகையும் பார்த்து, லயித்துக் கேட்கிறார்கள் என்று நம்பி வந்தவன். முன்னாலிருந்து முகங்களைப் பார்த்தால்தான் தெரிந்தது. ஒருவரும் கேட்கவில்லை. அத்தனை கண்ணும் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் இருந்தது. எழுதச் சொன்ன மிராசுதாரரே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"இது நீங்க எழுதினதுதானே?" என்றாள் மனைவி மெதுவாக.

"எப்படித் தெரியும்?"

"மூச்சு வாங்குது" என்றாள்.

அடுத்து சங்கத் தலைவர் வந்தார். மடலைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"எங்க அண்ணனுக்கு இன்னிக்கு அறுபது. ரொம்ப வருஷமா கதை எழுதறாரு. ஒண்ணும் வரல. கதை திரும்பி வந்தா தபால்காரர் அண்ணி கையிலதான் குடுப்பாரு. அண்ணி அதை உடனே அண்ணன்கிட்ட குடுக்க மாட்டாங்க. அரிசிப் பானைக்குப் பின்னால வெச்சுட்டு அப்பளம் பொரிப்பாங்க. அண்ணன் வயிறாரச் சாப்பிட்டுக் கை கழுவின பெறகுதான் கவரை எடுத்து நீட்டுவாங்க. அப்பளத்தைப் பாத்ததுமே அண்ணனுக்கு விஷயம் தெரிஞ்சுபோவும். தெரியாத மாதிரி இன்னொரு அப்பளம் கேட்டு வாங்கித் திம்பாரு. ரெண்டு பேரும் இதைப் பத்திப் பேசிக்கிட்டதே கிடையாது."

பின்னால் உட்கார்ந்திருந்த சங்கத்துப் பெண்களில் ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பந்திக்கு நகர்ந்துகொண்டிருந்த இரண்டு பேர் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

மனைவி என் பக்கம் திரும்பவில்லை. "அப்ப உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"அதைப் போய் அவர்கிட்ட சொன்னீங்களாக்கும்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். ஈரத்தலையால் இருக்கும் என்று நினைத்தேன், இல்லை, அழுதிருந்தாள்.

"யாரு எழுதிக் குடுத்தாங்க இவருக்கு?"

"ஏன்?"

"நல்லா இருக்கு. கூட இருந்து பாத்த மாதிரி இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "நீங்க ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இந்த மாதிரி எழுதியிருந்தா, அந்தப் பத்திரிகைக்காரங்க எப்பவோ போட்டிருப்பாங்க."

எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. "நான்தான் எழுதினேன்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சும்மா இருங்க. தாலி கட்டற நேரத்துல பொய் சொல்லாதீங்க" என்றாள்.

அதற்குள் குருக்கள் ஓடி வந்து, நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்தித் தாலியை என் கையில் கொடுத்தார். கெட்டிமேளம் பிடித்துக்கொண்டது. எழுதினது யாரென்று தெரியாமலே ஒருத்தி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்ட சந்தோஷம் எனக்கு. முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். இரண்டாவதை இன்னும் மெதுவாகப் போட்டேன். குருக்கள் முறைத்தார். எந்த இடம் ரொம்ப நன்றாக இருந்தது என்று அவள் சொன்னால் கேட்டுக்கொண்டு மூன்றாவதைப் போடலாம் என்று இருந்தேன்.