நன்றியுரை சொல்லாத டாக்டரம்மா

திருத்தங்கல் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் சொர்ணலட்சுமிக்கு ஊரில் கோபக்காரி என்றுதான் பெயர். விருதுநகர் எண்ணெய் வியாபாரி காசிராஜனின் மகள். சென்னையில் மருத்துவம் படித்து, பதக்கம் வாங்கி, 1955இல் ஊர் திரும்பியவர். ஊசிக்குப் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய்மாரை வாசல்வரை விரட்டிப் போய்த் திட்டுவார். அந்தக் கோபமெல்லாம் அன்றைக்கே ஆறிவிடும். ஆறாத கோபம் 1958இல் வந்தது.

நாரணாபுரத்தில் தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்த பேச்சியம்மாள், தன் மூன்று வயது மகள் குருவம்மாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மணல்வாரி அம்மை போட்டு இறங்கியிருந்தது. நெஞ்சுச்சளியும் வயிற்றுப்போக்கும் நிற்கவில்லை. சொர்ணலட்சுமி பென்சிலின் போட்டு மருந்தும் கொடுத்தார். கிளம்பும்போது பேச்சியம்மாள் கேட்டாள்: "சாப்பிட என்ன குடுக்கட்டும்மா?"

"லேசா ஏதாவது குடு. பார்லித் தண்ணி, அரிசிக் கஞ்சி. வேற ஒண்ணும் வேண்டாம்."

கல்லூரி வார்டில் எல்லாருக்கும் சொல்லப்பட்ட பதில் அதுதான். பேச்சியம்மாள் அதைத் தட்டாமல் செய்தாள். பொழுது சாய்ந்தால் பிள்ளை தட்டுத் தடுமாறியதை உடம்பு அசதி என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த மாதம் மறுபடி வந்தபோது குருவம்மாளின் கருவிழிகள் இரண்டும் வெளுத்துக் குழைந்து போயிருந்தன.

சொர்ணலட்சுமி தன் காரிலேயே அவர்களை மதுரைக்குக் கொண்டுபோனார். அங்கே கண் டாக்டர் இமையை விலக்கிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார். "சாப்பாட்டுக் குறைம்மா இது. வைட்டமின் ஏ போதல. மீன் எண்ணெயோ, தினம் ஒரு பிடி முருங்கைக்கீரையோ உள்ள போயிருந்தா கண்ணு தப்பிச்சிருக்கும். இனி ஒண்ணும் செய்றதுக்கில்ல."

"முருங்கையா? வாசல்லயே நிக்கே மரம்!" பேச்சியம்மாள் சொர்ணலட்சுமியின் பக்கம் திரும்பினாள். "என்ன குடுக்கன்னு உங்ககிட்ட கேட்டனே தாயி. கேட்டனே!"

அந்த வைட்டமினின் வேதியியல் படத்தை வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவர் சொர்ணலட்சுமி. அது குறைந்தால் கண் கெடும் என்று ஒரு வரியும் மனப்பாடம் செய்திருந்தார். ஆனால் ஒரு ஏழை வீட்டில் அது எந்தச் சட்டியில் வேகிறது, அம்மை இறங்கிய பிள்ளைக்கு என்ன ஊட்டச் சொல்ல வேண்டும் என்று யாரும் கற்றுத் தந்ததில்லை. தேர்விலும் கேட்டதில்லை. ஆப்பிரிக்காவில் மட்டும் வருகிற தூக்க நோய்க்கு வாரக்கணக்கில் வகுப்பு நடந்தது. திரும்பும் வழியில் கார் விருதுநகரைத் தாண்டும்போது அது நினைவுக்கு வந்து, அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த வாரமே சென்னைக்கு ரயிலேறினார். பழைய பேராசிரியர்தான் இப்போது பாடத்திட்டக் குழுவின் தலைவர். உணவைப் பற்றி ஒரு பாடம் கட்டாயம் வேண்டும், அதில் தேர்வும் வேண்டும் என்று சொர்ணலட்சுமி அவரிடம் கேட்டார். பேராசிரியர் சிரித்தார்.

"அதெல்லாம் மனையியல் படிக்கிற பொண்ணுங்களுக்கும்மா. டாக்டரைச் சமையல்காரனாக்கச் சொல்றியா?"

"ஒரு பிள்ளைக்குக் கண்ணு போயிடுச்சு சார்."

"ஒரு கேஸுக்காகப் பாடத்திட்டத்தை மாத்த முடியாது."

ஒரு கேஸ் இல்லை. தேடிப் பார்க்கத் தொடங்கியதும் நாரணாபுரத்திலும் ஆனைக்குட்டத்திலும் தெருவுக்குத் தெரு மாலைக்கண் பிள்ளைகள் இருந்தார்கள். மருந்துச் சீட்டில் கீரையையும் மீன் எண்ணெயையும் எழுத ஆரம்பித்தார். கற்காத பாடத்தைக் கண் டாக்டரிடமும் புத்தகங்களிலும் தேடித் தேடிக் கற்றார்.

1961இல் அவருடைய அண்ணன் வெள்ளைத்துரை, பட்டாசுக் கம்பெனி முதலாளி, சிவகாசியில் குழந்தைகள் வார்டு ஒன்று கட்டினார். திறந்து வைக்க அதே பேராசிரியர் வந்தார். பயிற்சி டாக்டர்களும் கூட வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். நன்றியுரை தங்கைக்கு.

சொர்ணலட்சுமி மைக்கைப் பிடித்தார். "முன்னால உட்கார்ந்திருக்கிற டாக்டர்களுக்கு ஒரு கேள்வி. மாலைக்கண் வந்த பிள்ளைக்கு என்ன குடுப்பீங்க?"

"வைட்டமின் ஏ" என்றார் ஒருவர்.

"அதை எந்தக் கடையில நிறுத்துக் குடுப்பான்? அவ அம்மா என்ன சமைக்கணும்? சொல்லுங்க."

பயிற்சி டாக்டர்கள் பேராசிரியரைப் பார்த்தார்கள். சொர்ணலட்சுமியும் அவரை நோக்கித் திரும்பினார். "இவங்க மேல தப்பில்ல. நீங்க சொல்லிக் குடுக்கல. எனக்கும் சொல்லிக் குடுக்கல. நாரணாபுரத்துல ஒரு பிள்ளை அதுக்காகக் கண்ணில்லாம உட்கார்ந்திருக்கு. இந்தக் கட்டடத்துக்கு நன்றி சொல்லலாம். உங்களுக்கு நான் எதுக்கு நன்றி சொல்ல?"

யாரோ மைக்கை அணைத்தார்கள். பேராசிரியர் விருந்துக்கு நிற்காமல் காரேறினார்.

"வீட்டுக்கு வந்த மனுசனை இப்படியா அவமானப்படுத்துவ?" என்று வெள்ளைத்துரை தங்கையிடம் பாய்ந்தார்.

"அவமானம் அவருக்கு மட்டுந்தானா அண்ணாச்சி? எனக்கு மூணு வருசமா இருக்கு."

அடுத்த தீபாவளி சீசன் முடியும்வரை அண்ணன் பேசவில்லை. ஆனால் அந்த வார்டுக்கு டாக்டர் தேவைப்பட்டபோது தங்கையைத்தான் கூப்பிட்டார். சொர்ணலட்சுமி ஒரு நிபந்தனை போட்டார்: அங்கே பயிற்சிக்கு வருகிற எந்த டாக்டரும் வார்டுச் சமையல்கட்டில் நின்று, மெலிந்த பிள்ளை ஒன்றுக்குத் தானே சமைத்து ஊட்டித் தேற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சான்றிதழில் தன் கையெழுத்துக் கிடைக்காது. சிலர் முறைத்தார்கள், சிலர் மேலே புகார் செய்தார்கள். அவர் அசையவில்லை.

குருவம்மாளைப் பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சேர்த்தது சொர்ணலட்சுமிதான். பேச்சியம்மாள் அதை ஏற்றுக்கொண்டாள். ஆனால் அவருடைய ஆஸ்பத்திரிப் படியை மறுபடி மிதிக்கவே இல்லை. காய்ச்சல் என்றால்கூட வேறு டாக்டரிடம் போனாள். "அவ போறதுதான் சரி" என்பார் சொர்ணலட்சுமி.

1967இல் கல்லூரியில் உணவைப் பற்றிச் சில வகுப்புகள் சேர்த்தார்கள். தேர்வில் கேள்வி கிடையாது. செய்தி சொல்ல வந்த இளம் டாக்டர் அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தார்.

"கேள்வி வராத பாடத்தை எவன்லே படிப்பான்?" என்று அவர்மேலேயே சீறிவிட்டு, சொர்ணலட்சுமி மறுநாள் சென்னை ரயிலுக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னார்.