திட்டு விழாத ஆட்டம்

எங்கள் கைப்பேசி விளையாட்டுக் குழுவில் இரண்டு வருடம் எழுத்தில் மட்டுமே பேசிய ஒருவர், ஒரு நாள் தவறுதலாக மைக்கைத் திறந்துவிட்டார். பெண் குரல், எங்கள் அம்மாக்களின் வயது. அடுத்த வாரமே சொல்லாமல் விலகிவிட்டார்.

செரண்டா ரயில் நிலையத்தில் மறுபடி அந்தக் குரலைக் கேட்டேன். தொழிற்சாலைச் சீருடை, நரை கலந்த கொண்டை. கைப்பேசியில் ஆட்டத்தைத் தொடங்குமுன் கட்டைவிரல்களைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டார். நான் யாரென்று சொன்னேன்.

"ஏன் ஆன்ட்டி போயிட்டீங்க?"

"இதான். குரலக் கேட்டதும் எல்லாரும் ஆன்ட்டின்னு ஆரம்பிச்சிட்டீங்க. தப்பா ஆடினாலும் பரவால்லன்னீங்க. ஒருத்தனும் திட்டல. அப்புறம் என்ன கேம் லா அது? இப்ப வேற குரூப். நீயும் வா, என்னைப் பத்தி மட்டும் சொல்லாத."

சேர்ந்தேன். முதல் ஆட்டத்திலேயே அவர் அவசரப்பட்டு முன்னால் ஓடிச் செத்தார்; தோற்றோம். எல்லோரும் கண்டபடி திட்டினார்கள். அவரும் விடாமல், எழுத்திலேயே, திருப்பித் திட்டினார். நானும் திட்டத்தான் நினைத்தேன். விரல் "பரவால்ல" என்று தட்டியிருந்தது. அனுப்பாமல் அழித்துவிட்டு, குழுவிலிருந்து விலகினேன்.

இப்போதும் ரயிலில் பார்த்தால் சிரிப்பார். ஏன் போனாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.