நைட் ஷிப்ட் தூங்குது

வாணியின் வாழ்க்கை வரலாற்றை எழுதப் புகும் எவரும் முதல் பக்கத்திலேயே பதிவு செய்ய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. அந்த அம்மையார் பதினோரு ஆண்டுகளாகத் தூங்கவில்லை. படுத்ததுண்டு. கொட்டாவி விட்டதுண்டு. கண்ணை மூடிக்கொண்டு மறுநாள் குழம்புக்கு என்ன காய் என்று யோசித்ததுண்டு. ஆனால், தூக்கம் என்று நாலு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்படியாக எதுவும் நடக்கவில்லை.

குற்றம் அவளுடையதல்ல. பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் அவர்கள் குடியிருந்த மாடிவீட்டுக்குக் கீழே கிரில் பட்டறை. மேலே நான்கு இளைஞர்கள். நால்வரும் நான்கு தேசத்து நேரப்படி கம்ப்யூட்டர் வேலை பார்த்தார்கள்; நால்வருக்கும் நாற்காலியைத் தரையோடு இழுக்கும் பழக்கம் இருந்தது. எதிரே பாலம் ஏறும் வளைவு. அங்கே பஸ் கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே எந்த டிரைவர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று படுத்த இடத்திலிருந்து வாணி சொல்லிவிடுவாள். இவ்வளவு ஞானம் உள்ளவர்களுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

தொழில் பிளவுஸ் தைப்பது. வாணி வெட்டினால் தோள்பட்டை நழுவாது என்று பெயர். அந்தப் பெயருக்குப் போன கார்த்திகையில் ஆபத்து வந்தது. ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு பிளவுஸுக்கு இரண்டு கையையும் இடது கையாக வெட்டித் தைத்துவிட்டாள். அந்தப் பெண் திட்டவில்லை. "பரவால்ல ஆன்ட்டி, உங்களுக்கு வயசாகுதுல்ல" என்று ஆறுதல் சொன்னாள். வாணிக்கு நாற்பத்தோரு வயது. அன்று மாலை மெஷினை மூடி வைத்துவிட்டு அழுதாள்.

அவள் கணவர் வாசு லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். பிறந்தது கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் என்ற பேட்டைப் பக்கம். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கூண்டை அந்த ஊரில் கேஜ் என்பார்கள். பெங்களூரின் பளபளக்கும் லிஃப்டுகளையும் வாசு இன்றுவரை கேஜ் என்றுதான் சொல்கிறார். மனைவி அழுததைப் பார்த்த அந்த மனிதர், கணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவற்றைச் செய்தார். தீர்வு சொன்னார்.

"நம்ம ஊருக்குப் போயிடலாம் வாணி. கோரமண்டல் ஸ்டேஷன்ல இருந்து ரெண்டு நிமிஷம், வூடு பாத்து வச்சிகீறேன். ஒரு பக்கம் வெள்ளை மலை. ஆட்டோ புடிச்சா பேத்தமங்களா ஏரி. இங்க ஒரு மாச வாடகையில அங்க நாலு மாசம் இருக்கலாம். காலைல ரயில் ஏறினா பெங்களூர். ஆஸ்பத்திரி, மால், ஏர்போர்ட்டு எல்லாம் கிட்டத்துல."

"ஏர்போர்ட்டுக்கு நாம எப்பங்க போனோம்?"

"போவணும்னா போவலாம்ல?"

"மலையைப் பாத்துகிட்டு நான் யாருக்கு ஹூக் வைக்கறது?" என்றாள் வாணி. அவளுக்குப் பிறந்த ஊர் பெங்களூர். இருபது வருடத்து வாடிக்கையாளர்களின் கழுத்தளவு மனப்பாடம். அதை விட்டுவிட்டு எங்கே போவது?

கடைசியில் ஒப்பந்தமானது. வெள்ளி மாலை போவது, திங்கள் காலை திரும்புவது. பிடித்தால் குடிபெயர்வது; பிடிக்காவிட்டால் இந்தப் பேச்சையே இனி எடுக்கக் கூடாது. ஸ்ரீராமபுரத்து வீட்டின் சொந்தக்காரி சரோஜம்மா மூன்று வருட ஒப்பந்தத்தோடு தயாராக இருந்தாள். அதே வீட்டுக்கு இன்னொரு குடும்பமும் வாசலில் நின்றது. திங்கட்கிழமைக்குள் ஆமா, இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

வாசு காட்ட வேண்டிய இயற்கை எழில்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டார். மகள் பல்லவி பி.யூ.சி. முதல் ஆண்டு. அவள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சூப்பர்பா, டிபன் எந்த மலையில?" என்று கேட்டாள்.

ரயில் பங்காரப்பேட்டை வரை நெரிசல். அங்கே பாதிக் கூட்டம் இறங்கியதும், கிளைப்பாதையில் வண்டி அவசரமில்லாமல் நகர்ந்தது. வாணி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். "இதோ பாரு, இனிமேதான் காட்சியே" என்று வாசு கையை நீட்டியபோது அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. கோரமண்டலில் இறக்கி, இருபுறமும் கணவரும் மகளுமாகத் தாங்கி நடத்தி வந்தார்கள். வெறும் வீட்டில் பாயை விரித்ததும், "ஒரு நிமிஷம் முதுகை நீட்டிக்கறேங்க" என்றாள்.

மறுநாள் காலை, மார்கழிப் பனி. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே மேடுமேடாகக் குவிந்து கிடக்கிறது. வாசு வெள்ளை மலை என்று விளம்பரம் செய்தது அதைத்தான். அன்றைக்கு அதுவும் வஞ்சகமில்லாமல் ஒத்துழைத்தது. அடிவாரம் பனிக்குள் கரைந்துபோய், உச்சி மட்டும் இளஞ்சிவப்பாக வானத்தில் மிதந்தது. பார்த்தால் பனிமலை என்று யாரும் சத்தியம் செய்வார்கள். வாசு டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி மனைவியின் தலைமாட்டில் நின்றார். டீ ஆறியது. மலை வெளுத்தது. வாணி புரண்டு படுத்தாள்.

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பாப்பம்மா எட்டிப் பார்த்தார். ஒரே சுவரை இரண்டு வீடு பங்குபோட்டுக்கொண்ட வரிசை அது; லைன் என்பார்கள். பதினெட்டு வருடம் பெங்களூருக்கு ரயிலேறி ஆபீஸ்களைப் பெருக்கித் துடைத்துவிட்டு, முழங்கால் வலியால் வேலையை விட்டு நின்றுவிட்டவர் பாப்பம்மா.

"இன்னா வாசு, வூட்டுக்காரம்மா இன்னும் எந்திரிக்கல? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

வாசு தடுமாறினார். புதுக்குடித்தனம் வரப்போகும் பெண் பத்து மணி வரை தூங்குகிறாள் என்றால் லைன் என்ன பேசும்? ஆகவே உண்மையில் பாதியைச் சொன்னார். "இல்லக்கா. பெங்களூர்ல ராத்திரி பூரா முழிச்சிக்கினு இருப்பாங்க..."

"நைட் ஷிப்டா!" பாப்பம்மாவின் குரல் உடனே பாதியாக இறங்கியது. "மொதல்லியே சொல்லக் கூடாது? பாவம், வெளிச்சம் மூஞ்சில அடிக்குது பாரு." போனவர் ஒரு கோணிச்சாக்கோடு வந்து ஜன்னலில் கட்டினார். பிறகு லைன் முழுக்க ஒரு நடை நடந்து திரும்பினார்.

சுரங்கம் ஓடிய காலத்தில் அங்கே ஒரு சட்டம் இருந்தது. இரவெல்லாம் பூமிக்கடியில் வேலை பார்த்தவன் பகலில் தூங்கும்போது அந்த ஜன்னலில் சாக்கு தொங்கும். சாக்கு தொங்கினால் உலக்கை நிற்க வேண்டும், ரேடியோ அடங்க வேண்டும், குழந்தைகள் அடுத்த லைனுக்குப் போய் அழ வேண்டும். சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேலாகிறது. சட்டத்தை ரத்து செய்ய யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஒரு மணி நேரத்தில் லைன் மாறிப்போனது. குழாயடியில் அமலாவும் ஜெயசீலியும் குடத்தை முன்னே வைத்தது யார் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாக்கைப் பார்த்ததும் அதே சண்டையைச் சைகையில் தொடர்ந்தார்கள். விரல்கள் நீண்டன, கைகள் இடுப்பில் ஏறின, ஒருத்தியின் மாமியார் வரைக்கும் மௌனமாக இழுக்கப்பட்டார். கோழிக்கறி விற்கிறவர் சைக்கிளை விட்டிறங்கி, மணியைக் கையால் பொத்திக்கொண்டு உருட்டிப் போனார்.

பிற்பகல் வாசு பொறுமை இழந்தார். வாணியை எழுப்பி நாலு வாய் சோறு ஊட்டாத குறையாகக் கொடுத்து, சவுண்ட் சர்வீஸ் டைட்டஸின் லோடு ஆட்டோவில் ஏற்றினார். கோயிலுக்கும் சர்ச்சுக்கும் ஒரே ஆம்ப்ளிஃபயரை வைத்துச் சர்வமதத் தொண்டு செய்கிறவர் டைட்டஸ். இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் ஜமுக்காளத்தில் வாணி உட்கார்ந்தாள். ஆட்டோ குலுங்கியது. அவள் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டாள். பேத்தமங்களா ஏரிக்கரையில் வண்டி நின்றபோது தண்ணீரில் வானம் அசையாமல் கிடந்தது. இரண்டு நாரைகள் வாசுவின் ஏற்பாடு போலவே நின்றன.

"வாணி, ஏரி."

"உம்."

"தண்ணி பாரு, கண்ணாடி மாதிரி."

"உம்," என்றாள் வாணி, கண்ணைத் திறக்காமல்.

டைட்டஸ் தொப்பியைக் கழற்றினார். "எழுப்பாதீங்கண்ணா. நைட் ஷிப்ட் பாத்த ஒடம்பு, பாவம்."

பல்லவி மட்டும் நாரையைப் படம் எடுத்தாள். "அப்பா, டூர் கைடா நீ பாஸு. கஸ்டமர்தான் அவுட்."

வாணி என்ன கனவு கண்டாள் என்று நமக்குத் தெரியும், பிறகு பாப்பம்மாவிடம் சொன்னாள். கத்திரிக்கோலால் பனியை வெட்டிக்கொண்டிருந்தாளாம். வெள்ளைத் துணி, முடிவே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அளவு எடுக்க யாரும் இல்லை, ஹூக் கேட்க யாரும் இல்லை. வெட்டிய துண்டு கீழே விழாமல் மேலே போனது. கீழே பட்டறை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாளாம். பட்டறை இல்லை. அதற்கும் கீழே, வெகு ஆழத்தில், யாரோ பேசாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதே என்று கத்திரிக்கோலை மெதுவாக மூடினாளாம்.

ஞாயிறு விடியலுக்குப் பெரிய சோதனை காத்திருந்தது. லைன் கோடியில் பிள்ளையார் கோயில். மார்கழிப் பாட்டு போடும் பொறுப்பு டைட்டஸுடையது. ஒலிபெருக்கி ஹாரன் நேராக வாசு வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருந்தது. இருட்டோடு பாப்பம்மா அங்கே போய் நின்றார்.

"டேய் டைட்டஸ், அந்த ஹாரனை அந்தாண்ட திருப்புடா."

"அய்யோ பாப்பக்கா, சாமி பாட்டு. கமிட்டில கேப்பாங்க."

"நான் சொன்னேன்னு சொல்லு. புள்ளையாரு இன்னா, ராத்திரி பூரா ஒக்காந்து காவல் காக்கறவருதானே? நைட் ஷிப்ட் கஷ்டம் கமிட்டிக்கு தெரியாது, அவருக்குத் தெரியும்."

ஹாரன் திரும்பியது. அன்று விடியற்காலை பக்திப் பாடல்கள் முழுவதும் சயனைடு மேட்டுக்கு ஒலிபரப்பாயின. மேடு அவற்றை அமைதியாகக் கேட்டுக்கொண்டது.

வாணி கண்விழித்தது ஞாயிறு மாலை நான்கு மணிக்கு. எழுந்து உட்கார்ந்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியச் சிறிது நேரம் பிடித்தது. வாசல் படியில் வந்து உட்கார்ந்ததும் பாப்பம்மா காபியோடு வந்தார். அமலாவும் ஜெயசீலியும் சண்டையை ஒத்திவைத்துவிட்டு வந்தார்கள். உள்ளே சுவரோரம் வாசு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்லா தூங்கினியாம்மா? நைட்ல இன்னா வேலை? ஆஸ்பத்திரியா, கம்ப்யூட்டரா?" என்றார் பாப்பம்மா.

வாணி விழித்தாள். "வேலையா? யாருக்குக்கா நைட் ஷிப்ட்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வாணி ஜன்னலில் தொங்கிய சாக்கைப் பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள், கதவிடுக்கில் தெரிந்த கணவரின் அரை முகத்தைப் பார்த்தாள். புரிந்தது. பொய்யைத் தொடர்வது சுலபம்தான். ஆனால் இரண்டு பகல் ஒரு ஊரையே வாயைப் பொத்த வைத்திருக்கிறோமே.

"எனக்கு ஷிப்டும் இல்லை ஒண்ணும் இல்லைக்கா. பகல்ல பிளவுஸ் தைப்பேன். ராத்திரியில தூக்கம் வராது, சும்மா முழிச்சிட்டு இருப்பேன். பதினோரு வருஷமா. அவரு உங்ககிட்ட சரியா சொல்லலை போல. மன்னிச்சிக்கோங்க."

ஜெயசீலி வாயில் கை வைத்தாள். பாப்பம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பகல்லயும் வேலை, ராத்திரிலயும் முழிப்பா? பதினோரு வருஷமா?"

"ஆமாக்கா."

"இன்னாம்மா கம்பெனி அது? எங்க சுரங்கத்து வெள்ளைக்காரன்கூட அப்பிடி வேலை வாங்கலியே."

முதலில் சிரித்தது வாணிதான். அப்புறம் அமலா சிரித்தாள், ஜெயசீலி சிரித்தாள். இரண்டு நாளாக அடக்கி வைத்த சத்தமெல்லாம் ஒன்றாக வந்தது. பாப்பம்மா தன் ரவிக்கையில் அறுந்த ஹூக்கைக் காட்டி, ஊசியில் நூல் கோர்த்துத் தரச் சொன்னார். ஒரு மாதமாக வாணிக்குப் பல்லவிதான் கோர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது வாணியே நூலை உதட்டில் நனைத்து நீட்டினாள். முதல் தடவையிலேயே நுழைந்தது. அவள் அந்த ஊசியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவர்கள் போனதும் வாசு வெளியே வந்தார். கையில் தாள் நாலாக மடிந்திருந்தது.

"இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம் கீது வாணி. மலையை மட்டுமாவது பாத்துட்டு முடிவு சொல்லு." பிறகு, இனி எதையும் பாதியாகச் சொல்லக் கூடாது என்று பட்டதோ என்னவோ, "அது மலை இல்ல. சயனைடு மண்ணு. பங்குனில காத்தடிச்சா வூட்டுக்குள்ள வரும்" என்றார்.

"வந்தா பெருக்கிக்கலாம். மேல நாற்காலி இழுக்கறதைப் பெருக்க முடியுமா?"

"உன் கஸ்டமருங்க?"

"வாரத்துல ரெண்டு நாள் உங்ககூட ரயில்ல வரேன். அங்க அளவு எடுத்துக்கறேன், இங்க தைக்கறேன். ரெண்டு வலது கை தைச்சாலும் தூங்கிட்டுத் தைச்சேன்னு இருக்கட்டும்." பிறகு அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீங்கதான் தினம் விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கணும். யோசிச்சீங்களா?"

வாசு யோசித்திருக்கவில்லை. இத்தனை எழில்களை வரிசைப்படுத்திய அந்தத் தாளில், அதிகாலை அலாரம் என்று ஒரு வரி எங்கும் இல்லை.

"ரயில்ல தூங்கிக்கறேன்" என்றார்.

வாணி போனை எடுத்துச் சரோஜம்மாவைக் கூப்பிட்டாள். "அக்கா, வீட்டை அவங்களுக்கே குடுத்துடுங்க."

"ஏய், நிஜமாவா? பொறந்த ஊரை விட்டுட்டா? அப்படி என்னதான் இருக்குது அந்த ஊர்ல?"

வாணி வெளியே எட்டிப் பார்த்தாள். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. எதிரே இரண்டு வீட்டுக் கதவும் ஒரு கொடிக்கயிறும் தெரிந்தன. அதற்கப்பால் எல்லாம் வெள்ளை.

"தெரியலைக்கா," என்றாள். "நான் இன்னும் பாக்கல."